சுங்கை பூலோ நர்சரி: ஆளை நம்பலாம், போர்டை நம்பாதீங்க

4 ஸ்டார். கோலாலம்பூர்ல இருந்து கெப்போங் தாண்டி சுங்கை பூலோ போனா ரோட்டோரமா வரிசையா நர்சரிங்க வருமே, அதுல கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கற கடை இது. (1930ல திறந்த தொழுநோய் குடியிருப்புல இருந்தவங்க செடி வளத்து வித்துதான் இந்த ஏரியாவே நர்சரி ஏரியா ஆச்சு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது.)

செந்தூல்ல நாங்க எடுத்த வீட்டுல பழைய ஆளுங்க மூங்கில் மாதிரி ஒரு செடிய விட்டுட்டுப் போயிட்டாங்க, இலை பூரா வெள்ளைக் கோடு. செடி பேரு சொல்ற ஆப்ல போட்டோ போட்டா ஒரு நேரம் லக்கி பேம்பூங்குது, ஒரு நேரம் நாணல்ங்குது. லக்கி பேம்பூ மூங்கிலே கிடையாது, அது ஆப்பிரிக்கா பக்கத்து டிரசீனாங்கற வேற செடி. பக்கத்து வீட்டு மக்சிக்கு (மலாய்க்கார ஆன்ட்டி) இது பூலோ கூனிங்தான் (மலாய்ல பூலோன்னா மூங்கில், கூனிங்னா மஞ்சள்), வீட்டுல இருந்தா பேய் அண்டாதுன்னாங்க, ஆனா அதுக்கு தண்டுல்ல மஞ்சளா இருக்கணும், இது பச்சை.

கடையில வேலை செய்ற நம்ம தமிழ் அண்ணே ஒருத்தர்கிட்ட வெட்டிட்டுப் போன கிளைய நீட்டினேன், மனுஷன் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டுக்கவே இல்ல. ஒரு இலைய விரிச்சு, அது தண்டுல சேர்ற இடத்துல நகக்கண் அளவுக்கு ஒரு குட்டிக் காம்பு இருக்கறதக் காட்டி, "நாணலா இருந்தா இது இருக்காதும்மா, இலை நேரா தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கும்"னாரு. அப்புறம் கணுவப் பாத்தாரு, ஒரே கணுவுல மெல்லிசா ஒரு கொத்து கிளை. தண்டை வெட்டினா உள்ள ஓட்டை. கடைசியா ஒரே கேள்வி, கன்னு தாய்கிட்டயே முளைக்குதா இல்ல தள்ளித் தள்ளி வருதா? கிட்டயேதான்னேன். அப்போ மண்ணுக்கடியில ஓடற ஜப்பான் குள்ள மூங்கில் இல்லன்னு சொல்லிட்டு, பின்னாடி வேலியோரம் இருந்த செடிகிட்ட கூட்டிட்டுப் போய் பக்கத்துல வச்சுக் காட்டினாரு. அச்சு அசல் அதேதான். பம்பூசா மல்டிபிளெக்ஸ்ங்கற மூங்கில், சில்வர்ஸ்ட்ரைப்னு விக்கற ரகம். முழுப் பச்சையா ஒரு தண்டு கிளம்பினா அடியோட வெட்டிடணுமாம், விட்டா அது வேகமா வளந்து கோடு போட்டதை அமுக்கிடும். இதுக்கெல்லாம் ஒரு காசு வாங்கல, எனக்கே ஒரு மாதிரி ஆகி அல்போன்ஸ் கார்ங்கற மூங்கில் ஒண்ணும் தானா ஹித்தாம் (கருப்பு மண்ணு) ரெண்டு மூட்டையும் வாங்கிட்டேன். அந்த மூங்கிலுக்கு தண்டு மஞ்சள்ல பச்சைக் கோடு, புதுத் தண்டு லேசா ரோஸா வரும், அவ்ளோ அழகு. 35 வெள்ளி, வொர்த்துதான்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா செடிக்குப் பேரு எழுதி வச்சிருக்கற அந்த போர்டு. டிரசீனாவுக்கும் பூலோ ஹியாசான் (அழகு மூங்கில்), அல்போன்ஸ் காருக்கும் பூலோ ஹியாசான், புல்லு சாதியில ஒரு குட்டிச் செடி இருக்கு அதுக்கும் பூலோ ஹியாசான். எனக்கு முன்னாடி ஒரு அக்கா வேலிக்குன்னு சொல்லி டிரசீனாவ தள்ளுவண்டி நிறைய ஏத்திட்டு நின்னாங்க, அண்ணே பாத்து நிறுத்தினதால தப்பிச்சாங்க. டெலிவரியும் செடி விலையவிட ஜாஸ்தி, காடில (கார்ல) சீட்ட மடக்கிட்டுப் போயிடுங்க.

பேரு கேக்கப் போறவங்க இலைய மட்டும் கிள்ளிட்டுப் போகாதீங்க, கணுவோட தண்டு வேணும், அடியில எப்படி முளைக்குதுன்னு ஒரு போட்டோவும் எடுத்துக்கங்க. திங்கக்கிழமை வேணாம், அண்ணே லீவு, தவுக்கே, அதாவது கடை முதலாளிகிட்ட எதக் காட்டினாலும் "பூலோ லா"ன்னுட்டு கால்குலேட்டர எடுத்துடுவாரு.