சி-17க்கு உதிரிபாகம்: புதுசா, ஓவர்ஹாலா, பழைய விமானத்தில் கழற்றியதா?

ராணுவச் சரக்கு விமானமான சி-17 குளோப்மாஸ்டரின் கடைசி விமானம் 2015-இல் போயிங்கின் லாங் பீச் ஆலையை விட்டுப் பறந்து போனது. மொத்தம் 279, இனி ஒன்றுகூட வராது. அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா என்று ஓடிக்கொண்டிருப்பவை இன்னும் பல வருஷம் ஓடியாக வேண்டும், பாகங்களுக்கு எங்கே போவது? நான் மலேசியாவில் சுபாங்கில் ஒரு விமானப் பட்டறை ஸ்டோரில் இருக்கிறேன். கைக்கு வருவது பயணிகள் விமானப் பாகங்கள்தான், ஆனாலும் பெட்டி வந்து இறங்கினால் பார்க்க வேண்டியது இரண்டுக்கும் ஒன்றேதான்.

புதுசு என்றால் நிம்மதி, ஆனால் விலை! 2024-இல் பென்டகன் தணிக்கை அறிக்கை ஒன்று, சி-17 கழிவறையின் சோப்பு டிஸ்பென்சருக்கு அமெரிக்க விமானப்படை சந்தை விலையைப் போல 80 மடங்குக்கு மேல் கொடுத்ததாகச் சொன்னது. அந்த ஒப்பீடே பொருந்தாது என்றது போயிங். எதுவானாலும் சோப்புக்கு அந்த விலை எனக்கு ஏற்கவே முடியவில்லை.

அப்புறம், புதுசு என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. போன வருஷம் ஒரு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் (திரவ அழுத்தத்தில் பாகங்களை அசைப்பது) வந்தது, பிரிக்காத பெட்டி, உறையில் கீறல்கூட இல்லை. டேகைப் பார்த்தால் செய்து 12 வருஷம். உள்ளே கசிவைத் தடுக்கும் சீலான ஓரிங் ரப்பர் இல்லையா, அலமாரியில் சும்மா இருந்தாலும் அதன் ஆயுள் குறையும். பிரித்து, எல்லாச் சீலையும் மாற்றி, சோதனை செய்து முடிக்க இரண்டு வாரம் ஆனது.

அதனால்தான் ஆக்சுவேட்டர், வால்வு, பம்ப் மாதிரியானவற்றுக்கு ஓவர்ஹால் செய்ததை, அதாவது முழுசாகப் பிரித்துச் சரிபார்த்துப் புதுப்பித்ததை, மாற்றிக்கொள்வதையே நான் சொல்வேன். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலை இறங்கும், சீல் புதுசு, சோதனை அறிக்கையும் கூடவே வரும்.

கழற்றிய பாகம்தான் ஆசை காட்டும். சி-17இன் எஃப்117 எஞ்சின், போயிங் 757இல் இருக்கும் பிடபிள்யூ2040இன் ராணுவ வடிவம். 757 உற்பத்தி 2004-இல் நின்றது, பழைய விமானங்களைப் பிரித்து விற்கிறார்கள், ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் அங்கே கண் போவது இயல்பு. ஆனால் ராணுவம் ஒப்புக்கொண்ட பார்ட் நம்பராக இருக்க வேண்டும், டர்பைன் டிஸ்க் என்றால் முதல் நாளிலிருந்து எத்தனை சைக்கிள் (ஏறி இறங்கும் ஒரு பறப்பு ஒரு சைக்கிள்) ஓடியது என்று முழு ஜாதகமும் வேண்டும், நடுவில் ஒரு பக்கம் காணோம் என்றால் அது வெறும் இரும்பு. 2023-இல் ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற பிரிட்டிஷ் பாக விற்பனை நிறுவனத்தின் விவகாரத்தில், பயணிகள் விமானங்களின் சிஎஃப்எம்56 எஞ்சின் பாகங்கள் பொய்ச் சான்றிதழோடு பல நாட்டு விமானங்களில் ஏறியிருந்தது தெரிய வந்ததே.

போன மாதம் ஒரு வால்வு, தகட்டில் சீரியல் 3-இல் முடிகிறது, சான்றிதழில் 8. “அண்ணே, ஒரு எண்தானே, அச்சுப் பிழையாக இருக்கும்” என்றான் புதிதாகச் சேர்ந்த தம்பி. சிவப்பு டேக் கட்டி, பூட்டிய கூண்டுக்குள் வைத்தேன். விற்றவரிடமிருந்து சரியான காகிதம் வரும்வரை அது அங்கேயே இருக்கும்.