20,000 ரூபாய்க்குள் போட்டோகிராபி: போனா, பழைய டிஎஸ்எல்ஆரா, சூப்பர் ஜூமா?

படமெடுக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பி தங்கைகள் நெல்லைப் பக்கம் நிறைய இருக்கிறார்கள். 20,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது என்றால் மூன்று வழிதான்: இருக்கிற போனிலேயே தொடங்கலாம், லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், அல்லது லென்ஸ் கழற்ற முடியாத பழைய சூப்பர் ஜூம் கேமரா ஒன்றைப் பிடிக்கலாம். டிஎஸ்எல்ஆரில் இருக்கும் கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமரா இந்தப் பணத்துக்கு வராது, அதை விட்டுவிடுவோம். என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்களை எடுக்க ஆசை என்றால் பழைய டிஎஸ்எல்ஆர், கூடவே ஒரு 50 எம்எம் லென்ஸ்.

வெளிச்சம் இருக்கும் இடத்தில் போனைக் குறை சொல்ல முடியாது. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயில், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள், ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் திரளும் கூட்டம் எல்லாவற்றுக்கும் போனே தாராளம். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பதால் வானம் வெளுக்காது, நிழல் கறுக்காது. ஓபன் கேமரா என்ற இலவச ஆப்பில் ஐஎஸ்ஓவையும் (ஒளிக்கு எவ்வளவு உணர்வு என்ற அளவு) ஷட்டர் வேகத்தையும் (எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்பது) பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நாமே மாற்றிப் பழகலாம். எடிட்டிங்குக்கு ஸ்னாப்சீட் இருக்கிறது, அதுவும் இலவசம்.

வீட்டுக்குள் போனால்தான் சிக்கல். பத்தமடையில் கோரைப் பாய் நெய்பவரை ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கை ஓயாமல் நகரும். போன் படங்களைச் சேர்க்கும்போது விரல்கள் கலங்கிவிடும். போர்ட்ரெய்ட் மோடு பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவது. கோரையின் மெல்லிய நுனி எங்கே முடிகிறது என்று அதற்குப் பிடிபடாமல் ஓரங்களை வெட்டிவிடும்.

டிஎஸ்எல்ஆர் வாங்கினாலும் அதோடு வரும் 18-55 கிட் லென்ஸ் இந்த வேலைக்குப் பற்றாது. 55 எம்எம்மில் அதன் துவாரம் எஃப் 5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு தேவைப்பட்ட படம் நூறில் ஒரு பங்கிலேயே கிடைத்துவிடும். நெய்கிற விரல் தெளிவாக நிற்கும். ஒரு குறை உண்டு. கேனான் 1300டி மாதிரி டிஎஸ்எல்ஆர் பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) 50 எம்எம் என்பது 80 எம்எம் கோணமாகக் குறுகிவிடும், சின்ன அறையில் முழு ஆளும் அடங்க மாட்டார். அதனால் கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள்.

வாங்கும்போது கவனம் வேண்டும். கேனானின் 50 எம்எம் எந்த இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் தானாக போகஸ் ஆகும். நிக்கான் டி3000 வரிசை பாடிகளில் போகஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவு என்று 50 எம்எம் 1.8டி லென்ஸை வாங்கினால் கையால்தான் போகஸ் பண்ண வேண்டும், 1.8ஜி என்று பார்த்து வாங்குங்கள். ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். நிக்கானில் ஒரு படம் எடுத்து அந்த பைலிலேயே எண்ணைப் பார்த்துவிடலாம், கேனானில் அது அவ்வளவு சுலபமில்லை. டி3300 ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்திருக்கிறது நிக்கான். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

அப்புறம் சூப்பர் ஜூம். பறவைதான் உயிர் என்பவர்களுக்கு இது நல்ல வழி. 2015இல் வந்த நிக்கான் பி900 தன் 83 மடங்கு ஜூமில் 2000 எம்எம் லென்ஸுக்குச் சமமாக எட்டும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் தண்ணீர் நடுவே நிற்கும் வரித்தலை வாத்தை அதில் நெருங்கிப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி. டிஎஸ்எல்ஆரில் அந்தத் தூரத்துக்கு லென்ஸ் வாங்க நம் பட்ஜெட் போதவே போதாது. ஆனால் பி900இல் ஒளியைப் படமாக்கும் சென்சார் குட்டி, 1300டி சென்சாரின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் இருக்கும். பொழுது சாயும்போது படம் புள்ளி புள்ளியாகிவிடும். பின்னால் எடிட் பண்ண வசதியான, சுருக்கப்படாத ரா பைலும் பி900இல் வராது. இன்னொன்று, கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவற்றை எடுக்க டிஎஸ்எல்ஆரில் ஒரு பழைய 55-250 லென்ஸ் போதும்.

கோயில் உட்புறத்தை மனதில் வைத்து எதையும் வாங்க வேண்டாம். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டுவிட்டது.

டிஎஸ்எல்ஆர் வாங்கிய பின் மிச்சம் இருந்தால், காற்றுப் புகாத டப்பா ஒன்றும் சிலிகா ஜெல் பாக்கெட்டுகளும் வாங்கி லென்ஸை அதில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கேமரா பைக்குள் மூடியே கிடக்கும் லென்ஸில்தான் பூஞ்சை ஏறும்.