ஹாரிஸ்மித்ல ஸ்னோ அள்ளிவிட்ட டிராக்டர்காரர்: அஞ்சுக்கு அஞ்சு

தென்னாப்பிரிக்காவுல ஜோபர்க்லேருந்து (ஜோஹனஸ்பர்க்) டர்பன் போற நம்மாளுங்க கண்டிப்பா இத படிங்க. நமக்கு ஸ்னோன்னா டிராகன்ஸ்பர்க் மலை மேல தூரத்துல வெள்ளையா தெரியும், பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் போட்டோ எடுப்போம், அவ்வளவுதான். அது கார் பம்பருக்கு மேல ஏறி நின்னா யார கூப்பிடணும், என்ன கேக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு நம்ம வீட்ல யாரும் சொல்லிக் குடுத்ததில்ல. 2024 செப்டம்பர்ல அந்த வழியில இருக்கற ஹாரிஸ்மித்ல மாட்டிக்கிட்டு நாங்க கத்துக்கிட்டத எழுதறேன், முக்கியமா அங்க எங்களுக்கு பனி அள்ளிவிட்ட ஒரு டிராக்டர்காரரோட வேலைக்குத்தான் இந்த ரிவ்யூ.

20ம் தேதி வெள்ளிக்கிழமை ஸ்கூல் டெர்ம் முடிஞ்ச நாள், மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை ஹெரிட்டேஜ் டே லீவு வேற, டர்பன் சாட்ஸ்வொர்த்ல நாத்தனார் வீட்ல எல்லாரும் சேந்து பெருமாளுக்கு படைக்கறதுன்னு முடிவு பண்ணி மாமியார், பிள்ளைங்க ரெண்டு பேர், நாங்க ரெண்டு பேர்னு ஜோபர்க் லெனேசியாலேருந்து மத்தியானம் கிளம்பிட்டோம். வார்டன் தாண்டறப்போ மழை கெட்டியாகி கண்ணாடில ஒட்ட ஆரம்பிச்சுது, வைப்பர் இழுக்க முடியாம முனகுது. வான் ரீனன் பாஸ்ல (மலைக்கணவாய்) லாரிங்க சறுக்கி குறுக்க நிக்குதுன்னு ரேடியோவுல கேட்டதும் எங்க வீட்டுக்காரர் ஹாரிஸ்மித்துக்குள்ள திருப்பிட்டாரு. அது மட்டும் பண்ணலன்னா நாங்களும் அந்த ராத்திரி பூரா பாஸ் மேல கார்லயே உக்காந்திருப்போம், எத்தனையோ குடும்பம் அப்படித்தான் உக்காந்திருந்தாங்க.

கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல கார் நின்னதும் மாமியார் இறங்கவே இல்ல. "இங்க நம்மள தங்க விடுவாங்களாப்பா?"ன்னு மகன கேக்கறாங்க. எனக்கு புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. 1891லேருந்து 1986 வரைக்கும் ஹாரிஸ்மித் இருக்கற ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்துல இந்தியர் குடியிருக்கக் கூடாதுன்னு சட்டம், தங்கறதுன்னா பெர்மிட் வேணும். எழுபதுகள்ல மாமனார் டர்பன்லேருந்து வண்டி ஓட்டிட்டு வந்தா ஹாரிஸ்மித்ல நிக்கவே மாட்டாராம், புளிசாதமும் பிளாஸ்க்ல டீயும் மடியில வச்சிக்கிட்டே மாநிலத்த தாண்டுவாங்களாம். அந்தப் பயம் 74 வயசுலயும் போகல அவங்களுக்கு. அந்த வீட்டுக்கார ஆன்ட்டி (ஆஃப்ரிகான்ஸ்காரங்க, எல்லாரும் தானின்னு கூப்பிடறாங்க) குடைய எடுத்துக்கிட்டு ஓடிவந்து கதவ திறந்து மாமியார் கைய பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. இத எழுதறப்போகூட எனக்கு கண்ணு கலங்குது. ராத்திரி எல்லாருக்கும் ஆட்டுக்கறி வச்சிருந்தாங்க, புரட்டாசி நாங்க கறி சாப்பிடமாட்டோம்னு சொன்னதும் ஒரு கேள்வி கேக்கல, பாப் (சோளமாவுக் களி) கிண்டி தக்காளி வெங்காயம் வதக்கி பூசணிக்காயோட தனியா குடுத்தாங்க. கெஸ்ட் ஹவுஸுக்கு தனியா நாலரை குடுப்பேன், அரை குறைச்சது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

காலையில எந்திரிச்சா கரண்ட் இல்ல, முற்றத்துல எங்க கார் எதுன்னே தெரியல. முழங்கால் வரைக்கும் பனி. பூத்து நின்ன பீச் மரம் கிளை முறிஞ்சு கிடக்கு, வெயிலுக்கு போடற வலைத்துணி ஷெட் பனி பாரத்துல தொங்கி ஒரு கார் மேல அப்படியே படுத்துடுச்சு. பஞ்சு மாதிரி இருக்கறத பாத்து ஏமாறாதீங்க, ஈரமான பனி ஒரு கன மீட்டர் 300 கிலோ கூட வரும். மலைப்பக்கம் சில இடத்துல 2 மீட்டர் வரைக்கும் குவிஞ்சிருக்குன்னு சொன்னாங்க.

சனிக்கிழமை மத்தியானம் ஒருத்தர் டிஎல்பி (நம்ம ஊர்ப்பக்கம் ஜேசிபின்னு சொல்றது) கொண்டுவந்தாரு. யாருன்னு சொல்லல, சொல்லவும் வேண்டாம். தங்கியிருந்த ஆறு குடும்பம் ஆளுக்கு 200 ரேண்ட் போட்டு 1,200 முன்னாடியே குடுத்தோம். இருபது நிமிஷத்துல முடிச்சிட்டாரு. கேட் வரைக்கும் வழி தெரிஞ்சதும் நாங்க கைதட்டினோம். ஆனா அவரு அள்ளினத எல்லாம் முற்றத்தோட மேட்டுப்பக்கம் சுவரோரமா குவிச்சிட்டாரு, அடியில ஒரு விரல் கனத்துக்கு பனிய விட்டு அது மேலயே முன்னாடியும் பின்னாடியும் சக்கரத்த ஓட்டி இறுக்கிட்டாரு. அப்ப யாருக்கும் இது தப்புன்னு தெரியல. சாயங்காலம் மேட்டுலேருந்து தண்ணி கசிஞ்சு வழியோட ஓடிச்சு, ராத்திரி குளிர்ல அத்தனையும் கண்ணாடி மாதிரி ஐஸ் ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலையில எங்க வீட்டுக்காரர் பிள்ளையோட பால் பாட்டில் எடுக்க காருக்கு போனவரு ரெண்டாவது அடியிலயே சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு. பனி இருந்தப்போ நடக்கவாவது முடிஞ்சுது, காசு குடுத்து அள்ளினப்புறம் அதுவும் முடியல. திரும்ப போன் பண்ணா எடுக்கல. தானி அந்த ஆள முன்னாடியே விசாரிச்சிருக்கலாம், அந்த அரை மார்க் அதுக்குத்தான்.

அப்புறம் தானியே பக்கத்து பண்ணைக்கு சொல்லி அனுப்பி நான் சொல்ல வந்த டிராக்டர்காரர் வந்தாரு. பழைய மாஸி ஃபெர்கூசன் டிராக்டர், பின்னாடி மண் ரோடு சமன் பண்ற பிளேடு, சக்கரத்துல சங்கிலி சுத்தியிருக்கு. அறுபது வயசு இருக்கும், பசோத்தோ கம்பளிய தோள்ல ஊசி போட்டு குத்தியிருந்தாரு. சின்ன வயசுல லெசோத்தோ மலையில ரோடு வேலை பாத்தவராம், அங்க வருஷா வருஷம் ஸ்னோ கொட்டும். வந்ததும் இஞ்சினையே ஆஃப் பண்ணிட்டாரு. ஒரு குச்சிய எடுத்துக்கிட்டு முற்றம் பூரா நடந்து குத்திக் குத்திப் பாத்தாரு, தண்ணி மீட்டர் எங்க, பூச்செடி வரப்பு எங்க, படி எங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குச்சி நட்டாரு. கடைசியா தானிகிட்ட ஒரே ஒரு கேள்வி, சாக்கடை மூடி எங்க இருக்கு?

அதுதான் வேலைன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. பனிய எடுக்கறது யார் வேணா எடுக்கலாம், எடுத்தத எங்க கொட்டறதுங்கறதுதான் விஷயம். முதல்ல சாக்கடை வாய திறந்தாரு. அப்புறம் மேட்டுல குவிச்சத பூரா இழுத்துட்டு வந்து பள்ளத்துப்பக்கம் புல் மேல தள்ளினாரு, கரையற தண்ணி இனிமே வழிய குறுக்க கடக்காது, நேரா சாக்கடைக்கு போயிடும். பிளேட கொஞ்சம் சாய்வா வச்சு ஐஸ சுரண்டினாரு. சரிவுல மட்டும் ஆட்டுக்கு நக்க போடற கல்லுப்பும் அடுப்பு சாம்பலும் கலந்து தூவினாரு, உப்பு ஐஸ இளக்கும், சாம்பல் கால் பிடிப்புக்கு. மைனஸ் பத்துக்கிட்ட போயிட்டா உப்பு ரொம்ப வேலை செய்யாது, ஆனா ஹாரிஸ்மித் குளிருக்கு அது போதும். மரத்தடியில ஒரு பிடி கூட போடல, வேர் கருகிடுமாம்.

காருங்கள சுத்தி டிராக்டர் போக முடியாது, அங்க கையாலதான். எங்க வீட்டுக்காரர்கிட்ட இருந்தது தோட்டத்து கூர் மண்வெட்டி, அது பனிக்கு உதவவே உதவாது. அவரு தானியம் அள்ற அகலமான அலுமினிய ஷவல் வச்சிருந்தாரு. அதுலயும் பத்து தடவ அள்ளினதும் பனி ஒட்டிக்குது, உதற உதற விழல. எண்ணெய் இருக்கான்னு கேட்டாரு, தானி சமையல்கட்டுல தீந்துபோயிருக்கு. மாமியார் உள்ள போய் விளக்குக்கு கொண்டுவந்த நல்லெண்ணெய் பாட்டில எடுத்துட்டு வந்தாங்க, முந்தின ராத்திரி கரண்ட் இல்லாத ரூம்ல அதுலதான் பெருமாளுக்கு விளக்கேத்தினோம், பாதி மிச்சம் இருந்துது. பழைய துணியில நனச்சு ஷவல் பூரா தடவி குடுத்தாங்க. அதுக்கப்புறம் பனி தோசைக்கல்லுலேருந்து தோசை வர்ற மாதிரி வழுக்கிட்டு விழுது! அவரு ஷவல மோந்து பாத்துட்டு சிரிச்சாரு, "கே அ லெபோஹா, ம்மே"ன்னாரு. செசோத்தோ பாஷையில நன்றிம்மான்னு அர்த்தம், ம்மேன்னா அம்மாதான். மாமியார் அவர ந்தாத்தேன்னு (அப்பான்னு அர்த்தம்) கூப்பிட தானிகிட்ட கத்துக்கிட்டு, போறவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாங்க.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். எந்த காரையும் ஸ்டார்ட் பண்ண விடல அவரு, முதல்ல புகைக்குழாய் வாய்ல அடைச்ச பனிய தோண்டி எடுக்க சொன்னாரு. அது அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளயே திரும்பும், வாசனையே வராது, ஹீட்டர் போட்டு தூங்கினவங்க எந்திரிக்க மாட்டாங்க. எங்க பக்கத்து ரூம் பையன் கெட்டில்ல சுடுதண்ணிய கண்ணாடி மேல ஊத்தப் போனத கத்தி நிறுத்தினாரு, கண்ணாடி விரிசல் விடும். கூரை மேல இருக்கறத ஷவலால சுரண்டாம விளக்குமாத்தால தள்ள சொன்னாரு, பெயின்ட் போகாது.

ரெண்டரை மணி நேரம் ஆச்சு. மொத்தமா 600 ரேண்ட்தான் கேட்டாரு, முந்தின நாள் குடுத்ததுல பாதி. அதுக்கப்புறம் தெருமுனை வரைக்கும் பிளேட இறக்கியே ஓட்டிக்கிட்டு போனாரு, அதுக்கு யாருகிட்டயும் காசு வாங்கல. குறைன்னு பாத்தா புல்தரையில சக்கரத்தடம் ஆழமா விழுந்துடுச்சு, கார்டு எடுக்க மாட்டாரு, கரண்ட் இல்லாததால ஏடிஎம்மும் இல்ல. ஊருக்கு போய் போன்ல அனுப்புங்கன்னு சொல்லிட்டு கிளம்பிட்டாரு, யாரு என்னன்னு தெரியாத எங்கள நம்பி.

சிலபேரு இந்த ஊர்ல ஸ்னோ பிளவ் கூட வாங்கி வைக்கலையான்னு கோவப்பட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இப்படி ஒரு பனி எத்தனையோ வருஷத்துக்கு ஒரு தடவ, அதுக்குன்னு ஒரு மெஷின வாங்கி துருப்பிடிக்க விடறதவிட அந்தக் காசுல தண்ணிக் குழாய் போடலாம். மண் ரோடு இருக்கற ஊர்ல கிரேடர் இருக்கும், பண்ணையில பிளேடு இருக்கும், அத ஓட்டத் தெரிஞ்ச ஆள் யாருன்னு முன்கூட்டியே ஒரு லிஸ்ட் போட்டு வச்சா போதும். பாஸ் மேலயும் கிரேடரும் லோடரும்தான் வேலை செஞ்சுது, அங்க தாமதமானதுக்கு காரணம் குறுக்க நின்ன லாரிங்க, அத இழுத்தாத்தானே மெஷின் உள்ள போக முடியும். மாட்டிக்கிட்டவங்களுக்கு கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ்ங்கற நிவாரண அமைப்புக்காரங்க சாப்பாடு கொண்டுபோய் குடுத்தாங்க, அவங்களுக்கும் கோடி புண்ணியம்.

திங்கட்கிழமை மத்தியானம் நாங்க கிளம்பினோம். பாஸ்ல ரெண்டு பக்கமும் அழுக்கு வெள்ளையில பனிச்சுவர், லேடிஸ்மித் வந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு. சாட்ஸ்வொர்த் போய் சேந்ததும் மாமியார் சூட்கேஸ்கூட திறக்கல, முதல்ல அந்த 600 அனுப்பிட்டியான்னுதான் கேட்டாங்க. அனுப்பிட்டேன்.

அவரு நம்பர இங்க போடறது சரியில்ல. ஹாரிஸ்மித்ல விவசாய சாமான் விக்கற கடையில போய் சங்கிலி போட்ட மாஸி ஃபெர்கூசன் ந்தாத்தேன்னு கேட்டா சொல்லுவாங்க. அதே கடையிலதான் ஊருக்கு திரும்பி வர்றப்போ ஒரு அலுமினிய ஷவல் வாங்கினேன், இப்ப அது கார் டிக்கில இருக்கு, கூடவே ஒரு மூட்டை கல்லுப்பும் சின்ன பாட்டில்ல நல்லெண்ணெயும். ஜூன்லேருந்து செப்டம்பர் முடியறவரைக்கும் அத நான் இறக்கறதில்ல, நீங்களும் இறக்காதீங்க.