விளம்பரம் வாங்கி விளம்பரத்தில் சம்பாதிப்பது: ஃபேஸ்புக்கா, கூகுளா, டபூலாவா, பாப்-அண்டரா?

ஒரு கிளிக்கை ஒரு ரூபாய்க்கு வாங்க வேண்டும். வந்த ஆள் நம் தளத்தில் பார்க்கும் விளம்பரங்களில் ஒன்றேகால் ரூபாயாவது தேற வேண்டும். ஆட் ஆர்பிட்ரேஜ் என்பது அவ்வளவுதான். ஆட்களை வாங்க இங்கே பரவலாகப் பேசப்படும் வழிகள் நான்கு: ஃபேஸ்புக், கூகுள் ஆட்ஸ், டபூலா போன்ற நேட்டிவ் நெட்வொர்க், பாப்-அண்டர். வருமானப் பக்கம், நம் தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரியில் தமிழ்த் தளங்களுக்கும் அது திறந்ததிலிருந்து நம்மில் பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறோம்.

விலை குறைந்ததை முதலில் கழித்துவிடலாம். பாப்-அண்டர், அதாவது பார்க்கும் பக்கத்துக்கு அடியில் தானாகத் திறக்கும் ஜன்னல் வழி வரும் ட்ராஃபிக் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஆட்சென்ஸ் விளம்பரம் உள்ள பக்கத்தைப் பாப்-அப்பிலோ பாப்-அண்டரிலோ திறக்கவே கூடாது என்பது விதி. '500 ரூபாய்க்கு 10,000 விசிட்டர்' வகையறாவும், காசு கொடுத்துக் கிளிக் செய்ய வைக்கும் தளங்களும் இதே கணக்கில்தான் சேரும். வருகையாளர் விவரம் காட்டும் அனலிட்டிக்ஸைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: தமிழ்க் கட்டுரைக்கு அமெரிக்க டேட்டா சென்டர் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்கள், எல்லோருக்கும் ஒரே திரை அளவு, தங்கிய நேரம் பூஜ்ஜிய விநாடி. நமக்குத் தெரிவது கூகுளுக்குத் தெரியாமல் இருக்காது. முதலில் நம் தளத்தில் காட்டும் விளம்பரங்களின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். இந்தக் கட்டுப்பாடு பொதுவாக 30 நாளுக்குள் விலகும், சில நேரம் நீளும். அப்படியும் திருந்தவில்லை என்றால் கணக்கே போய்விடும். 'ட்ராஃபிக்கை விற்றவன்தான் ஏமாற்றினான்' என்ற பதில் எடுபடாது, பொறுப்பு தள உரிமையாளருடையது.

கூகுள் ஆட்ஸில் ஆட்கள் சுத்தம், சிக்கல் வேறு. விளம்பரம் காட்டுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட பக்கங்களுக்கு அவர்கள் விளம்பரம் விற்பதில்லை, அப்படிப்பட்ட பக்கம் நிராகரிக்கப்படும். கட்டுரை உண்மையிலேயே உருப்படியாக இருந்து தேறினாலும் கணக்கு உதைக்கும். கடன், காப்பீடு போன்ற தேடல் சொற்களுக்கு வங்கிகள் கொடுக்கும் அதே விலையோடு நாமும் போட்டி போட வேண்டும். வந்தவர்களில் சிலரே மறுபடி ஒரு விளம்பரத்தைத் தொடுவார்கள், அந்தப் பணத்திலும் ஆட்சென்ஸ் நமக்குத் தருவது ஏறக்குறைய 68 சதவீதம். மற்ற தளங்களிலும் ஆப்களிலும் தோன்றும் டிஸ்ப்ளே விளம்பரம் மலிவுதான். மொபைல் ஆப்களை விலக்காமல் விட்டால், கேம் விளையாடும் குழந்தையின் விரல் பட்ட கிளிக்குக்கும் நாம்தான் காசு கொடுப்போம்.

ஆக, மிஞ்சுவது ஃபேஸ்புக்கும், டபூலா போன்ற நேட்டிவும்.

ஃபேஸ்புக்கில் புதியவர்கள் கோட்டை விடும் இடம், விளம்பர அறிக்கை அட்டவணையில் உள்ள 'கிளிக் ஆல்' என்ற பத்தி. லைக், 'மேலும் படிக்க', பக்கத்தின் பெயரைத் தொட்டது எல்லாம் அதில் சேரும். 30 பைசா என்று அங்கே தெரிவதைப் பார்த்து மகிழ வேண்டாம், 'லிங்க் கிளிக்' பத்தியைப் பாருங்கள். அதைவிட நம்பகமானது, கிளிக்குக்குப் பிறகு பக்கம் திறந்ததை எண்ணும் 'லேண்டிங் பேஜ் வியூ'. அதற்குத் தளத்தில் மெட்டா பிக்ஸல் என்ற ஃபேஸ்புக்கின் கண்காணிப்பு நிரல்துண்டு இருக்க வேண்டும், பிரசாரத்தையும் அதற்கே ஆப்டிமைஸ் செய்ய வேண்டும். விளம்பரம் தோன்றும் இடத்தை, அதாவது பிளேஸ்மென்டைத் தானியங்கியாக விடாமல், ஃபேஸ்புக்குக்கு வெளியே பிற ஆப்களில் காட்டும் ஆடியன்ஸ் நெட்வொர்க்கை நீக்கிவிடுங்கள், தவறிப்போய் விழும் கிளிக்குகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வரும்.

இனி கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு. 1,000 லிங்க் கிளிக், ஒன்று 1 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு செலவு 1,180 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு அந்த 180 திரும்பாது. பக்கம் முழுதாகத் திறக்கும்வரை காத்திருந்தவர்கள் 800 பேர், ஆளுக்கு ஒன்றரைப் பக்கம், மொத்தம் 1,200 பார்வை. ஆயிரம் பார்வைக்கான வருமானம், அதாவது ஆர்பிஎம், 60 ரூபாய் என்றால் கைக்கு வருவது 72 ரூபாய். போட்டதை எடுக்கவே ஆர்பிஎம் 983 ரூபாய் வேண்டும். கிளிக் 10 பைசாவுக்குக் கிடைத்தாலும் 98 ரூபாய் தேவை. தமிழ் வாசகரைக் காசு கொடுத்து வாங்கி ஆட்சென்ஸில் லாபம் பார்ப்பது ஏன் அரிது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. போதாக்குறைக்கு, இணைப்பு ஃபேஸ்புக் ஆப்பின் உள்பிரவுசரிலேயே திறப்பதால் வாசகரை அடையாளம் காட்டும் வழக்கமான குக்கீகள் அங்கே இருக்காது. விளம்பரதாரருக்கு ஆள் யாரென்று தெரியாது, ஏலத்தொகையும் இறங்கும்.

டபூலா போன்ற நேட்டிவ் நெட்வொர்க்கில், செய்தித் தளங்களின் அடியில் 'இதையும் படியுங்கள்' பெட்டியில் நம் தலைப்பு வரும். வருகிறவர் படிக்கும் மனநிலையில் இருப்பவர், பெரும்பாலும் உண்மையான பிரவுசரில் இருப்பவர். இங்கே வேலை, தளம் தளமாகக் களையெடுப்பது. தளத்தின் பெயரைத் தானாக நிரப்பும் சைட் மேக்ரோ என்ற குறியை இணைப்பில் சேர்த்தால் எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பது முகவரியிலேயே வரும். 200 கிளிக் தாண்டியும் ஆள் நிற்காத தளத்தைத் தடுத்துவிடலாம். ஃபேஸ்புக்கில் இந்த அளவு கைப்பிடி கிடைக்காது. ஆனால் களையெடுக்கும் முன் செலவாகும் பணம் இங்கே அதிகம், சிறு முதலுக்குத் தாங்காது.

அமெரிக்க வாசகரை வாங்கினாலும் பாருங்கள்: 5 சென்ட் வீதம் 1,000 கிளிக், 50 டாலர். வந்து சேர்ந்தது 800 பேர், ஆளுக்கு 2 பக்கம், ஆர்பிஎம் 10 டாலர்: வரவு 16 டாலர். அதே ஆளை 8 பக்கம் இழுத்தால், ஆர்பிஎம் 8 டாலராக இறங்கினாலும் 51 டாலர் தேறும். 'அடுத்து' பட்டனை எட்டு முறை அமுக்க வைக்கும் படத்தொகுப்புப் பக்கங்கள் ஏன் பிறந்தன என்பது இப்போது புரியும். இந்த வடிவத்தைத்தான் எல்லோரும் துரத்துகிறார்கள். விளம்பரம் மிகுந்து சரக்கு குறைந்த பக்கங்களின் இணைப்புகளை ஃபேஸ்புக் 2017 மே மாதத்திலிருந்தே கீழே தள்ளுகிறது. விளம்பரத்துக்காகவே கட்டிய தளங்கள் 21 சதவீத இம்ப்ரெஷனையும் (விளம்பரம் காட்டப்படும் தடவைகள்) 15 சதவீதச் செலவையும் விழுங்குவதாக அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏவின் ஆய்வு 2023 ஜூனில் சொன்னது. அதன்பின் பெரிய விளம்பரதாரர்கள் அவற்றை விலக்கத் தொடங்கினார்கள்.

எதை எடுத்தாலும் முதல் வார ஆர்பிஎம்மை நம்ப வேண்டாம். வந்த ஆட்கள் எதையும் வாங்கவில்லை என்று விளம்பரதாரரின் தானியங்கி ஏலம் கண்டுகொண்டதும் விலை சரியும். அளக்க ஒரு எளிய வழி: அதே கட்டுரையை வழிக்கு ஒன்றாக இரண்டு முகவரியில் வைத்து, தேடலில் வராதபடி இரண்டுக்கும் நோ-இண்டெக்ஸ் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் தனிப் பெயரில் ஆட் யூனிட் (நாம் வைக்கும் விளம்பரப் பெட்டி), கூகுளே இடம் பார்த்து விளம்பரம் வைக்கும் ஆட்டோ ஆட்ஸ் அணைப்பில். அது ஓடினால் வருமானம் யூனிட் கணக்கில் சேராமல் கலந்துவிடும்.

கைமுதலும் சிறியதல்ல. விளம்பரக் காசு இன்றே போகும், ஆட்சென்ஸ் காசு 100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21-க்கும் 26-க்கும் நடுவில் வரும். 1-ம் தேதி நாளுக்கு 1,000 ரூபாயில் தொடங்கினால், முதல் மாதமே 100 டாலர் சேர்ந்துவிட்டாலும், முதல் பணம் வருவதற்குள் ஏறக்குறைய 50 நாள் ஓடியிருக்கும்: வரியோடு 59,000 ரூபாய். திரையில் நாள்தோறும் தெரிவது மதிப்பீடு மட்டுமே. தவறான ட்ராஃபிக்குக்கான கழிவு மாத முடிவில்தான் தெரியும். பட்ஜெட்டை உயர்த்துவதானால் அந்த இறுதித் தொகையைப் பார்த்த பிறகு உயர்த்துங்கள். அதுவரை நாளுக்கு 300 ரூபாய், ஒரே கட்டுரை, ஃபேஸ்புக் மட்டும்.