மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு: ஒரு பருவம் பயன்படுத்திப் பார்த்ததில்

கொய்யா மரங்களில் மாவுப்பூச்சி முற்றி, மூன்று முறை மருந்து தெளித்தும் அடங்காமல் போனதால், கடைசித் தெளிப்புக்கு ஒரு மாதம் கழித்து 100 கிரிப்டோலேமஸ் பொறிவண்டுகளை வாங்கி விட்டேன். மாவுப்பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் போர்வையின் மேல் மருந்து எளிதில் ஒட்டாது. அந்தப் பூச்சி வைக்கும் வெண்பஞ்சுப் பொதிக்குள் இருக்கும் முட்டைகளை மருந்து எட்டுவதும் அரிது. இந்த வண்டோ அந்தப் பொதியைத் தேடிப்போய் அதிலேயே முட்டையிடுகிறது. பொரிந்து வரும் புழுக்கள் மாவுப்பூச்சியின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றே வளர்கின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த இனத்தை 1891-92இல் பூச்சியியலாளர் ஆல்பர்ட் கோபலே கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றதும் இதே வேலைக்காகத்தான்.

காற்றுத் துளையிட்ட டப்பாவில், காகிதச் சுருள்களுக்கிடையே வண்டுகள் வந்து சேர்ந்தன. ஏழெட்டு இறந்திருந்தன, அது பெரிய குறையில்லை. சுமார் 4 மி.மீ. நீளம், கருத்த முதுகு, செம்மஞ்சள் தலை. வெயில் தாழ்ந்த பின், பூச்சி அடர்ந்திருந்த கிளைகளில் மட்டும் விட்டேன்.

என் குறையெல்லாம் உடன் வந்த ஒற்றைத் தாளைப் பற்றியது. வண்டின் புழு எப்படி இருக்கும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. இரண்டு வாரம் கழித்து, மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, உடலெங்கும் வெண்மெழுகு இழைகள் தொங்கும் உருவங்களைக் கண்டதும், பூச்சி இன்னும் கொழுத்துவிட்டதென்று எண்ணி, ஈரத்துணியால் ஒரு கிளையையே துடைத்தெறிந்தேன். அடுத்த கிளையை உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் அவற்றுள் ஒன்று மாவுப்பூச்சியொன்றைக் கவ்விக்கொண்டிருப்பது தெரிந்தது. தொட்டதும் விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி அப்படி ஓடாது. காசு கொடுத்து வாங்கிய காவலாளிகளை நானே நசுக்கியிருக்கிறேன்!

எறும்பைப் பற்றியும் அந்தத் தாளில் ஒன்றுமில்லை. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. வண்டு இறங்கினாலே விரட்டுகின்றன. எறும்பேறிய இரண்டு மரங்களில் மாற்றமே இல்லாததால், தரையைத் தொட்ட கிளைகளை வெட்டிவிட்டு, அடிமரத்தில் பசைப்பட்டை சுற்றினேன். அதற்குப் பிறகே அங்கும் புழுக்கள் தென்பட்டன. மற்ற மரங்களில் ஒன்றரை மாதத்தில் புதுத் தளிர்கள் சுத்தமாக வந்தன, ஆனால் பழைய இலைகளில் அந்த இனிப்பு நீரின் மேல் படர்ந்த கரும்பூசணம் அப்படியே இருக்கிறது.

பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் தோட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். இரை குறைந்தால் வண்டுகள் பறந்துவிடும். பஞ்சுப்பொதி வைக்காமல் நேராகக் குஞ்சு போடும் நீள்வால் மாவுப்பூச்சியின் மீதும் இது சரியாகப் பெருகாது. 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தாலும் சுறுசுறுப்பு குன்றிவிடும்.

மறுபடியும் வாங்குவேன்; பசைப்பட்டை சுற்றி முடித்த பிறகே வண்டுக்குச் சொல்லியனுப்புவேன்.