நூவோவா, என்விடியாவின் சொந்த டிரைவரா: எந்த லேப்டாப்புக்கு எது?

மூடியைத் திறக்கிறீர்கள். விசைப்பலகை விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகக் கிடக்கிறது. என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் லினக்ஸ் ஓட்டுபவர்கள் பலருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இங்கே இரண்டு: லினக்ஸோடே வரும் நூவோ, என்விடியாவே தரும் அதன் சொந்த டிரைவர். உதவி கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். "நூவோவைத் தூக்கிவிட்டு என்விடியா டிரைவரைப் போடுங்கள்" என்பார் ஒருவர். "அதைப் போட்டதுதான் வினையே, எடுத்துவிடுங்கள்" என்பார் அடுத்தவர். இருவரும் தங்கள் லேப்டாப்பில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கார்டு எந்தத் தலைமுறை, அதில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்காமல் வரும் யோசனையை நம்பி டிரைவரை மாற்ற வேண்டாம். இரண்டையும் பல வருடம் மாறி மாறி ஓட்டிய பிறகு இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

முதலில் எது ஓடுகிறது என்று பாருங்கள்

ஒப்பீட்டுக்குப் போகுமுன் ஒரு வேலை. டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் கே சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் கீழும் இப்போது எந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வரி வரும். பெரும்பாலான லேப்டாப்களில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப்கள் தெரியும்: இன்டெல் அல்லது ஏஎம்டி ஒன்று, என்விடியா ஒன்று. லேப்டாப்பின் சொந்தத் திரை வழக்கமாக முதல் சிப்போடுதான் இணைந்திருக்கும். எச்டிஎம்ஐ துளையோ பல மாடல்களில் என்விடியா சிப்போடு நேராகப் பிணைக்கப்பட்டிருக்கும். சொந்தத் திரை நன்றாக இருந்து வெளித்திரை மட்டும் வராவிட்டால் கேபிளை மாற்றுவதற்கு முன் என்விடியா பக்கம் டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

அடுத்து, டெஸ்க்டாப் அமைப்புகளில் கணினி விவரப் பக்கம். கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் எந்த சிப்பும் வேலை செய்யவில்லை, சிபியுவே எல்லாவற்றையும் வரைகிறது என்று பொருள். டிரைவர் மெதுவாக இருக்கிறது என்ற புகார்களில் பல இங்கேயே முடிந்துவிடும். இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, கிராஃபிக்ஸ் டிரைவர்களை ஏறவிடாமல் தடுக்கும் நோமோட்செட் என்ற பூட் சொல். கறுப்புத் திரையிலிருந்து தப்ப, பூட் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் அதைச் சேர்ப்பது நல்ல முதலுதவி. அப்படிச் சேர்த்தது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். அதையே நிரந்தர அமைப்பில் எழுதி வைத்துவிட்டால் இன்டெல் சிப்பின் டிரைவரும் சேர்ந்து முடங்கும். திரை வெளிச்ச விசைகள் வேலை செய்யாது, சஸ்பெண்ட் சொதப்பும், வீடியோ விட்டு விட்டு ஓடும்.

நூவோ: எங்கே தடுக்கி விழுந்தது, எங்கே எழுந்தது

நூவோ கட்டற்ற டிரைவர். என்விடியாவின் ஆவணங்கள் இல்லாமல், கார்டு எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்துக் கவனித்தே எழுதப்பட்டது. 2010இல் வந்த 2.6.33 கர்னலில் சேர்ந்தது. இன்றும் கர்னலோடே வருகிறது என்பதுதான் அதன் மிகப்பெரிய பலம். கர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும், தனியாகக் கட்டவோ கையொப்பமிடவோ எதுவும் இல்லை.

அதன் பெரிய சங்கடம் 2014இல் வந்த இரண்டாம் மேக்ஸ்வெல் தலைமுறையில் தொடங்கியது. அதிலிருந்து கார்டின் கடிகார வேகத்தை உயர்த்த என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தேவை. நூவோவுக்கு அது கிடைக்கவில்லை. ஆகவே கார்டு பூட் ஆகும்போது எந்தக் குறைந்த வேகத்தில் எழுந்ததோ அதே வேகத்தில்தான் ஓடும். பாஸ்கல் தலைமுறை, அதாவது ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கும் இதே கதி. "நூவோ உதவாது" என்ற பேச்சின் வேர் இதுதான், இந்தத் தலைமுறைகளில் விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் அந்தப் பேச்சு உண்மை.

2018இல் வந்த டியூரிங் முதல் நிலைமை வேறு. அந்த கார்டுகளுக்குள் ஜிஎஸ்பி என்று தனிச் செயலி ஒன்று உண்டு. கடிகாரம், மின்சாரம் போன்ற பொறுப்புகளை அதன் ஃபர்ம்வேர் பார்த்துக்கொள்ளும். 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலில் நூவோ அதனோடு பேசக் கற்றுக்கொண்டது. அப்போது டியூரிங், ஆம்பியர் தலைமுறைகளுக்குப் பின் வந்த ஏடா தலைமுறைக்கு அது தானாகவே இயங்கியது. டியூரிங்குக்கும் ஆம்பியருக்கும் பூட் வரியில் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இதே காலத்தில் கட்டற்ற கிராஃபிக்ஸ் நூலகத் தொகுப்பான மெசாவுக்குள், வல்கன் என்ற முப்பரிமாண வரைகலை முறைக்கு என்விகே என்ற டிரைவர் வளர்ந்து, 2024இல் மெசா 24.1 வந்தபோது சோதனை நிலையைத் தாண்டியது. ஆகவே புதிய கார்டு, புதிய கர்னல், புதிய மெசா என்ற மூன்றும் இருந்தால் இன்றைய நூவோவைப் பழைய பேச்சை வைத்து எடைபோடுவது நியாயமில்லை. மூன்றில் ஒன்று பழசானாலும் பழைய கதைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லேப்டாப் கார்டின் விற்பனைப் பெயர் தலைமுறையைச் சொல்லாது. ஜிடிஎக்ஸ் 960எம் என்று இருப்பதால் இரண்டாம் மேக்ஸ்வெல் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஜிஎம்107, முதல் மேக்ஸ்வெல். எம்எக்ஸ்150 பாஸ்கல், எம்எக்ஸ்450 டியூரிங். எல்எஸ்பிசிஐ காட்டும் சிப் பெயரைத்தான் நம்ப வேண்டும்.

என்விடியாவின் டிரைவர்: வேகத்தோடு வரும் வேலை

கார்டைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் குடா தேவையென்றால் பேச்சே இல்லை, என்விடியாவின் டிரைவர்தான். பிளெண்டரில் கார்டை வைத்து ரெண்டர் செய்வது, இயந்திரக் கற்றல், கார்டின் வீடியோ குறியாக்கியான என்விஎன்க் வழியாக வீடியோ பதிவு என எல்லாம் அதில்தான். விளையாட்டிலும் அதுவே முன்னால் நிற்கிறது.

இதிலேயே இப்போது இரண்டு வகை உண்டு. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதியின் மூலநிரலை எம்ஐடி, ஜிபிஎல் என்ற இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. டியூரிங்கும் அதற்குப் பிந்தையவையும் மட்டும் இதில் ஓடும். 2024இன் 560 வரிசையிலிருந்து அந்த கார்டுகளுக்கு இதையே என்விடியா முதல் தேர்வாக வைத்தது; ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு வேறு வழியே கிடையாது. திறந்த டிரைவர் என்ற பெயரைப் பார்த்து இதையும் நூவோவையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. திறந்தது கர்னல் பகுதி மட்டும்; ஓப்பன்ஜிஎல், வல்கன், குடா நூலகங்கள் மூடியேதான் இருக்கின்றன. பாஸ்கல் கார்டில் இதை நிறுவினால் கார்டு எழவே எழாது.

இந்த டிரைவரில் கறுப்புத் திரை வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கர்னல் அப்டேட். கர்னலுக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் இதைத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகச் செய்யும், ஆனால் கட்டுவதற்குத் தேவையான கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இருந்தால்தான். ஒருமுறை என் லேப்டாப்பில் கர்னல் மட்டும் ஏறி, ஹெடர்ஸ் ஏறவில்லை. அப்டேட் முடிந்தபோது ஓடிய நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி அதைச் சொன்னது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கறுப்புத் திரை. கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் சரியாக வந்தது. அன்றிலிருந்து அப்டேட்டுக்குப் பிறகு டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பார்த்து, புதிய கர்னல் எண்ணுக்கு நேராக நிறுவப்பட்டது என்று இருந்தால்தான் ரீபூட் செய்கிறேன். ஃபெடோராவில் இதே வேலையைச் செய்யும் ஏகேமாட்ஸ் பின்னணியில் கட்டி முடிக்கச் சில நிமிடம் எடுக்கும். அவசரப்பட்டு ரீபூட் கொடுக்காதீர்கள்.

நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை ஏறவிடாத செக்யூர் பூட் இன்னொரு கண்ணி. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து பத்து நொடி எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து நொடியைத் தவறவிட்டால் டிரைவர் சரியாக நிறுவப்பட்டிருந்தும் கர்னல் அதை ஏற்காது. சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழையை, டிரைவரை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளை காட்டினால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவிப் பயனில்லை. எம்ஓகேயுடில் என்ற கட்டளை வழியாகச் சாவிப் பதிவைத்தான் திரும்பச் செய்ய வேண்டும்.

என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை இறக்கி நிறுவும் பழக்கம் இன்னும் போகவில்லை. லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள். டிஸ்ட்ரோவின் (ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பின்) பேக்கேஜ் முறைக்குத் தெரியாமல் கோப்புகளை வைத்துவிடுகிறது. பிறகு டிஸ்ட்ரோ பேக்கேஜும் மேலே ஏறினால் எந்த நூலகம் எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்ட் பற்றிச் சுருக்கமாக. நூவோவில் அது முன்பே சிக்கலின்றி ஓடியது. என்விடியாவின் டிரைவரில் 2021இன் 495 வரிசை, வேலேண்ட் டெஸ்க்டாப்கள் எதிர்பார்க்கும் ஜிபிஎம் இடைமுகத்துக்கு ஆதரவைக் கொண்டுவந்தது. 2024இன் 555 வெளிப்படை ஒத்திசைவை (எக்ஸ்பிளிசிட் சிங்க்) கொண்டுவந்து, பழைய எக்ஸ் முறைச் செயலிகளை வேலேண்டில் ஓட்டும் எக்ஸ்வேலேண்ட் ஜன்னல்கள் சிமிட்டுவதைத் தீர்த்தது. 555க்கு முந்தைய டிரைவரில் சிமிட்டல் கண்டால் அமைப்புகளைத் தோண்டாமல் புதியதுக்கு மாறுங்கள்.

பேட்டரியும் தூக்கமும்

லேப்டாப் என்று வரும்போது நான் அதிக எடை கொடுப்பது இதற்குத்தான், ஒப்பீடுகளில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். வேலை இல்லாதபோது என்விடியா சிப் முழுதாக அணைய வேண்டும். டியூரிங்கிலிருந்து என்விடியாவின் டிரைவரால் இது முடியும். ஆம்பியர் முதல் தானாகவே நடக்கும், டியூரிங்கில் டைனமிக் பவர் மேனேஜ்மென்ட் மதிப்பைக் கையால் இரண்டு என்று வைக்க வேண்டும். பாஸ்கலிலும் அதற்கு முந்தையவற்றிலும் இந்த வசதி கிடையாது. பிரைம் செலக்ட் போன்ற கருவியால் கார்டை ஒட்டுமொத்தமாக அணைத்து வைக்கலாமே தவிர, தேவைக்கு எழுப்பித் தேவையில்லாதபோது தூங்கவைக்க முடியாது. நூவோவோ இரண்டு சிப் உள்ள பழைய லேப்டாப்பிலும் சும்மா இருக்கும் கார்டைத் தானே தூங்கவைக்கிறது. வேகத்தில் தோற்கும் அதே தலைமுறையில் பேட்டரியில் அது ஜெயிக்கிறது. சில மாடல்களில் தூங்கிய கார்டை எழுப்பும்போது லேப்டாப்பே உறைந்துபோவதும் உண்டு. அப்படியானால் நூவோவின் ரன்பிஎம் மதிப்பைப் பூஜ்யமாக்கலாம், ஆனால் பேட்டரி லாபமும் அதோடு போய்விடும்.

சஸ்பெண்டிலிருந்து திரும்பும்போது எழுத்துகள் சிதைந்து, ஜன்னல்கள் வண்ணக் குப்பையாக வந்தால் அது என்விடியா டிரைவரின் தெரிந்த அடையாளம்: வீடியோ நினைவகம் சேமிக்கப்படவில்லை. அதற்கான ப்ரிசர்வ் வீடியோ மெமரி அமைப்பை ஒன்று ஆக்கி, என்விடியா சஸ்பெண்ட், ரெஸ்யூம் சர்வீஸ்களை இயக்குங்கள். சேமிப்பு இயல்பாக டிஎம்பி அடைவுக்குப் போகும். அது ரேமிலேயே இருக்கும் டிஸ்ட்ரோவில் இடம் போதாமல் சஸ்பெண்டே தோற்கும். பாதையை வட்டில் உள்ள அடைவுக்கு மாற்றினால் சரியாகும்.

என்னிடம் இப்போது இரண்டு லேப்டாப். ஆம்பியர் கார்டு உள்ளதில் பிளெண்டர் ஓட்டுகிறேன், அதனால் என்விடியாவின் திறந்த கர்னல் டிரைவர், டிஸ்ட்ரோ பேக்கேஜிலிருந்து. எம்எக்ஸ்150 உள்ள பழையதில் எழுதுவதும் படிப்பதும் மட்டும்தான். 580தான் பாஸ்கலுக்குக் கடைசி டிரைவர் வரிசை என்று என்விடியா அறிவித்த பிறகு அதிலிருந்து என்விடியா டிரைவரை எடுத்துவிட்டு நூவோவுக்குத் திரும்பினேன். நூவோவைத் தடைசெய்த கோப்பு மாட்ப்ரோப் அடைவில் மிஞ்சியிருந்தது. அதை நீக்கி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் திரும்பக் கட்டிய பிறகுதான் ஏறியது. இப்போது அந்த கார்டின் பவர் அடைவில் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் சஸ்பெண்டட் என்று ஒரே சொல். ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டே பல நாளாகிறது.