ஓகியா, மிதராயா? என் ஓட்டு ஓகிக்கு

ஜப்பானில் ஒரு சின்னத் தீவுத் துறைமுகத்தையும் பழைய படகுகளையும் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. கடைசியில் இரண்டு ஊர்கள் மிஞ்சின. ஒன்று, சாதோ தீவின் தெற்கிலுள்ள ஓகி. பக்கத்து ஷுகுனெகியையும் அதோடு சேர்த்தே சொல்கிறேன். மற்றது, ஹிரோஷிமா பக்கம் ஒசாகி-ஷிமோஜிமா தீவில் உள்ள மிதராய். இரண்டுமே, அந்தக் காலத்தில் ஜப்பானின் வடக்குக்கும் ஒசாகாவுக்கும் இடையே சரக்கு ஏற்றிப்போன வடகடல் வணிகக் கப்பல்கள் தங்கிப் போன ஊர்கள். இரண்டுக்கும் போய் வந்துவிட்டேன். மறுபடி கிளம்பினால் ஓகிதான்.

போய்ச் சேர மிதராய்தான் சுலபம். தீவுக்குத் தீவு பாலம் இருப்பதால் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். ஓகிக்கு, பெருநிலத்து நீகாதாவிலிருந்து சாதோவின் ர்யோட்சு துறைமுகம் வரை கார் ஃபெரியில் இரண்டரை மணி நேரம், அப்புறம் தீவின் குறுக்கே சாலைப் பயணம். பெருநிலத்தின் இன்னொரு துறைமுகமான நவோஎட்சுவிலிருந்து ஓகிக்கே நேராக வரும் கப்பல் குளிர்காலத்தில் ஓடாது.

சரி, அலைச்சலை விடுங்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: படகு இன்னும் தண்ணீரில் இருக்கிறதா?

மிதராய், நீரோட்டம் திரும்பவும் காற்று வாகாக வரவும் கப்பல்கள் காத்துக் கிடந்த இடம். 1829-இல் கட்டிய கல் அலைதாங்கி இன்றும் நிற்கிறது. தெருக்கள் அழகு, மலைச்சரிவெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். ஆனால் அந்தக் கப்பல்களை நாமேதான் மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். நான் அங்கே இருந்தது அரை நாள்தான். இரவு தங்கியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ஓகியில் 'தராய் புனே' கண்ணெதிரே மிதக்கிறது. தராய் என்றால் துணி துவைக்கும் மரத்தொட்டி. தேவதாரு வகைப் பலகைகளை நிற்கவைத்து, மூங்கில் வளையத்தால் இறுக்கிய தொட்டிப் படகு. 1802 நிலநடுக்கத்தில் கடற்கரை மேலெழும்பிப் பாறையும் இடுக்குமாக ஆனதால், நீளப் படகு திரும்ப முடியாத இடத்துக்கென்று இது பிறந்ததாகச் சொல்கிறார்கள். கண்ணாடி அடி வைத்த பெட்டியால் கடலுக்குள் பார்த்து, சங்கும் கடற்பாசியும் எடுப்பார்கள்.

படகோட்டும் அம்மா துடுப்பை என்னிடம் கொடுத்தார். தொட்டி நின்ற இடத்திலேயே சுற்றியது. என் கைமேல் கைவைத்து, முன்பக்கத் தண்ணீரில் 8 போடுவதுபோல் துடுப்பை அசைக்க வைத்தார். உடனே அது மெல்ல முன்னால் நகர்ந்தது. பாறை இடுக்கில் இந்த வட்ட வடிவம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

ஷுகுனெகிக்கு நடுப்பகலுக்கு முன்பே போய்விடுங்கள். கப்பல் கட்டிய தச்சர்கள் வாழ்ந்த ஊர். சந்து வளைவில் ஒரு முக்கோண வீடு, கப்பலின் முன்மூக்கு மாதிரியே நிற்கிறது. பக்கத்தில், 1920-இல் கட்டிய பழைய பள்ளிக்கூடம் இப்போது அருங்காட்சியகம். 1858-இல் இதே ஊரில் கட்டிய கப்பலைப் பார்த்து முழு அளவில் செய்த பாய்மரக் கப்பல் அங்கே இருக்கிறது. அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காற்று பலமாக இருந்தால் தொட்டிப் படகு ஓடாது. ஓகியில் ஓர் இரவு தங்கினால் மறுநாள் காலையில் ஏறிக்கொள்ளலாம்.